ஹுவானா பிரியோனெஸ் வீட்டை நாங்கள் இழந்த விதம்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஓல்ட் அடோபி ரோடு என்றொரு தெரு இருக்கிறது. தமிழில் சொன்னால் பழைய மண்வீட்டுத் தெரு. பெயருக்குக் காரணமான மண்வீட்டை 2011-இல் இடித்துவிட்டார்கள். தெருப் பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை. அந்த வழியாகக் கார் ஓட்டும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. வீட்டைக் காப்பாற்ற ஓடிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. மனு எழுதினேன், அலுவலகங்களுக்கு நடந்தேன், கூட்டங்களில் பேசினேன். எங்கே சறுக்கினோம் என்பதை எழுதிவைத்தால் பழைய வீடு ஒன்றுக்காக அலைகிற வேறு யாருக்காவது உதவும்.

ஹுவானா பிரியோனெஸ் 1802-இல் பிறந்தவர். கலிபோர்னியா ஸ்பெயினிடம் இருந்து மெக்சிகோவுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் கைமாறிய காலம் முழுவதையும் பார்த்தவர். சான் பிரான்சிஸ்கோ இன்னும் யெர்பா புவேனா என்ற சிற்றூராக இருந்தபோது அங்கே பசு வளர்த்து, கப்பல்காரர்களுக்குப் பாலும் காய்கறியும் விற்றார். மூலிகை வைத்தியம், பிரசவம் பார்ப்பது எல்லாம் தெரியும். குடித்துவிட்டு அடித்த கணவனை விட்டுப் பிரிந்தார். 1844-இல் ஏறத்தாழ 4,400 ஏக்கர் பண்ணையைத் தன் பெயரில் வாங்கி, அங்கே வீடு கட்டினார். 1851-இன் நிலச் சட்டம் வந்து, பழைய உரிமையாளர்கள் எல்லாரும் பத்திரத்தோடு வந்து நிரூபியுங்கள் என்றபோது, பலர் நிலத்தைப் பறிகொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இந்த அம்மாள் வழக்காடி, வென்றார்.

வழக்கில் வென்றவரின் வீட்டுக்காக வழக்காடி, நாங்கள் தோற்றோம்.

முதல் அலைச்சல் பழைய நிலப் பதிவுகளுக்காக. ஒரு மணி நேரம் கார் ஓட்டி ஓர் ஆவண அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "குடும்பப் பெயர்?" பிரியோனெஸ் என்றேன். தட்டிப் பார்த்தார். இல்லை. எழுத்துக் கூட்டி மாற்றிச் சொன்னேன். அதுவும் இல்லை. "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மறு வாரம் எங்கள் குழுவில் இருந்த ஒரு முதியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மிராண்டா என்று தேடினாயா?" மிராண்டா அந்தக் கணவனின் பெயர். ஓடி வந்த பிறகும் பதிவேடு அவரை விடவில்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்து, பத்தாண்டாக அந்த அப்பாவியின் பெயராலேயே அழைக்கப்படும் தமிழ்நாட்டுப் பெண் நான். எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டாம் முறை போனால், பழைய பதிவேடுகளைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டுமாம். முதல் முறை போனபோதே அதைச் சொல்லியிருக்கலாம். மூன்றாம் முறைதான் மைக்ரோஃபிலிம் கையில் கிடைத்தது. திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. கீறல்களுக்கு நடுவே, வளைந்து வளைந்து ஓடும் யாரோ ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தில் ஹுவானாவின் பெயர். அவருக்குத்தான் எழுதத் தெரியாதே! அன்று வீட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே திரும்பினேன். பெண்களின் ஆவணம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிறந்த வீட்டுப் பெயர், கணவன் பெயர், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள்.

அடுத்தது, பொதுக் கூட்டத்தில் பேசியது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். இரண்டு பக்கம் எழுதி, கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். கூட்டம் அதிகம் என்று அன்று இரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். நான் பிறப்பில் தொடங்கி, அம்மை நோயாளிகளுக்கு அவர் செய்த வைத்தியத்தை எட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டை இடிக்காதீர்கள் என்ற வாக்கியம் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. அதைச் சொல்லாமலே இறங்கினேன். எனக்கு அடுத்துப் பேசிய பள்ளிச் சிறுமி, "அந்த வீட்டை இடிக்காதீர்கள்" என்று தொடங்கி நாற்பது நொடியில் முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டாள்.

இதெல்லாம் சில்லறைத் தவறு. பெரிய தவறு ஒன்று உண்டு. எங்கள் முதல் கூட்டத்திலேயே ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர் கேட்டார்: "இடிப்பு அனுமதி கேட்டால் மறுக்கும் அதிகாரம் அதிகாரிக்கு இருக்கிறதா, இல்லையா?" யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துண்டுப் பிரசுரத்தில் எந்தப் படம் போடுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

எங்களிடம் வலுவான வாதங்கள் இருந்தன. வீடு மாநில வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் 524-ஆம் எண். கட்டுமானமோ அபூர்வம்: மரச்சட்டங்களில் குறுக்கே பட்டைகளை அடித்து, நடுவில் மண்ணைக் கெட்டித்த சுவர். 'என்கஹோனாடோ' என்பார்கள். 1989 நிலநடுக்கத்தில் அடிபட்டிருந்தாலும் மூலச் சுவர்கள் நின்றன. உரிமையாளர்களுக்கு அந்த இடத்தில் புது வீடு வேண்டும். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

இடிப்பு அனுமதியை எதிர்த்து எங்கள் பக்கத்தவர்கள் 2007-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1970-இன் கலிபோர்னியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் பழைய கட்டடங்களும் சுற்றுச்சூழலில் சேர்த்திதான். அவற்றை இடிக்கும் முன் பாதிப்பை ஆராய வேண்டும். ஆனால், அதிகாரி யோசித்து முடிவெடுக்கிற அனுமதிகளுக்குத்தான் அந்த விதி. படிவம் சரியாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ் போலக் கொடுத்தே தீரவேண்டிய அனுமதி என்றால், ஆராய்ச்சிக்கே இடமில்லை. கீழ் நீதிமன்றம் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. ஊர் விதிப்படி அந்த இடிப்பைத் தள்ளிப்போட வழி உண்டு, முடிவில் மறுக்க வழியில்லை என்றது. தீர்ப்பை இரண்டு முறை படித்தேன். ஹுவானா யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. நாங்கள் வருடக்கணக்கில் நிரூபித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஆகவே பழைய வீட்டுக்காகக் கிளம்புகிறவர்கள், முதல் நாளே ஊர்க் கட்டட விதிகளில் இடிப்பைப் பற்றிய பகுதியை எடுத்து, 'கொடுக்கலாம்' என்றிருக்கிறதா 'கொடுக்க வேண்டும்' என்றிருக்கிறதா பாருங்கள். 'வேண்டும்' என்றிருந்தால், அனுமதி கேட்டு யாரும் வருவதற்கு முன்பே அந்த விதியை மாற்றப் போராடுங்கள். பட்டியலில் எண் இருப்பதை நம்பி உட்காராதீர்கள்.

இடிப்பைப் பார்க்க நான் போகவில்லை. போயிருந்தாலும் தெருவில்தான் நின்றிருக்க வேண்டும்; தனியார் நிலம். இத்தனை வருடத்தில் அந்த வேலியைத் தாண்டி ஒரு முறைகூட உள்ளே கால் வைத்ததில்லை. மரங்களுக்கு இடையே தெரிந்த கூரையின் ஒரு துண்டுக்காகத்தான் இத்தனையும் பேசினேன்.

சுவரின் ஒரு பகுதியை மட்டும் பெயர்த்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 2014-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹுவானாவைப் பற்றிய கண்காட்சி நடந்தபோது மகளை அழைத்துக்கொண்டு போனேன். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். பட்டைகளின் இடுக்கில் பிதுங்கி உலர்ந்த மண். எங்கள் ஊரில் பாட்டி மெழுகிய திண்ணையின் நிறம்.

"அம்மா, இதுதான் நீ காப்பாற்றப் போன வீடா?" என்றாள் மகள்.

"ஆமாம்" என்றேன். "இப்போதுதான் நானும் பார்க்கிறேன்."