பொம்மியின் சர்க்கரையும் ஒரு வரி மருத்துவக் குறிப்பும்

2023 பிப்ரவரியில், எங்கள் வீட்டு நாய் பொம்மிக்குச் சர்க்கரை நோய் என்று லண்டனில் எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் உறுதிசெய்தபோது, காப்பீடு இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் செலவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. பொம்மி கெய்ர்ன் டெரியர் இனத்தைச் சேர்ந்தவள். அப்போது அவளுக்கு எட்டு வயது ஆக இன்னும் சில மாதங்கள் இருந்தன. பூனைகளில் சிலவற்றுக்குச் சிகிச்சைக்குப் பின் இன்சுலினே தேவைப்படாத நிலை திரும்புவதுண்டு என்றும், நாய்களுக்கு அநேகமாக அப்படி நடப்பதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். அதாவது, அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டோடு சேர்த்து, ஆயுள் முழுவதும் ஊசி. ஊரில் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மா, அன்று முதல் தொலைபேசியில் என் உடல்நலத்துக்கு முன் பொம்மியின் சர்க்கரை அளவைத்தான் விசாரிக்கிறார்.

பிரிட்டனில் செல்லப்பிராணிக் காப்பீடு என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் வெவ்வேறு சரக்குகள். விபத்துக்கு மட்டும் பணம் தருவது ஒரு வகை. ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை தந்துவிட்டு, அதன்பின் அந்த நோயை அடியோடு விலக்கிவிடுவது இன்னொரு வகை. ஒரு நோய்க்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகையை வைத்து, அது தீர்ந்ததும் கையை விரிப்பது மூன்றாவது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது வரம்புத் தொகை மறுபடி முழுமையாவது ‘லைஃப்டைம்’ எனப்படும் நான்காவது வகை. சர்க்கரை, மூட்டுவாதம், பூனைகளுக்கு வரும் தைராய்டுக் கோளாறு போன்ற நீண்டகால நோய்களுக்கு இந்த நான்காவதுதான் பயன்படும். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அதுவும் ஓராண்டு ஒப்பந்தம்தான். ஒரு முறை புதுப்பிக்கத் தவறினால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

எங்களிடம் முதலில் இருந்தது பன்னிரண்டு மாத வகை. அதன் குறையைப் புரிந்துகொண்டு, 2021 இலையுதிர்காலத்தில் வேறொரு நிறுவனத்தின் லைஃப்டைம் பாலிசிக்கு மாறினேன். ஆண்டு வரம்பு 4,000 பவுண்டு. இணையத்தில் நான்கைந்து கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னேன், பத்து நிமிடத்தில் பாலிசி கைக்கு வந்துவிட்டது. அந்தச் சுலபத்தின் பொருள் பின்னர்தான் விளங்கியது: விற்கும்போது அவர்கள் மருத்துவ வரலாற்றைத் துருவுவதில்லை; முதல் பெரிய க்ளெய்ம் வரும்போதுதான், குட்டியாக இருந்த நாள் முதல் உள்ள குறிப்புகளை எல்லாம் மருத்துவமனையிடம் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்.

ஏப்ரலில் மறுப்புக் கடிதம் வந்தது. பாலிசி தொடங்குவதற்கு முன்பே நோய்க்கான அறிகுறி இருந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆதாரமாகக் காட்டியது, 2021 மே மாதக் குறிப்பில் இருந்த ஒரே வரி: ‘வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதாக உரிமையாளர் கூறுகிறார்.’ அதைச் சொன்னவன் நான்தான். என் வாயாலேயே கெட்டேன் என்று இரண்டு நாள் நொந்துகொண்டிருந்தேன்.

பிறகு, மருத்துவமனையிடம் கேட்டு பொம்மியின் முழுக் குறிப்புகளையும் வாங்கி, மனைவியும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். காப்பீடு எடுத்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது. அந்த மே மாதத்தில் பொம்மிக்குத் தோல் அரிப்புக்காக ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மருந்து உட்கொள்ளும் நாய்க்குத் தாகமும் சிறுநீரும் அதிகரிப்பது எல்லோரும் அறிந்த பக்கவிளைவு. அதைவிட முக்கியமாக, அடுத்த பக்கத்திலேயே, ஐயத்துக்கு இடம் வைக்காமல் அன்றே சிறுநீரைச் சோதித்ததும், அதில் குளுக்கோஸ் இல்லை என்பதும் பதிவாகியிருந்தன. மறுத்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லையா, புரட்டியும் விட்டுவிட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மருத்துவர் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தந்தார். மாத்திரை தொடங்கிய தேதி, தாகம் கூடிய தேதி, மாத்திரை நிறுத்தியபின் அது தணிந்த தேதி, சிறுநீர்ச் சோதனை முடிவு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, அந்தத் தாகத்துக்கும் 2023இல் கண்டறியப்பட்ட சர்க்கரை நோய்க்கும் தொடர்பில்லை என்று முடித்திருந்தார். அதை இணைத்து, மேல்முறையீடு என்று மழுப்பாமல், ‘புகார்’ என்ற சொல்லையே தலைப்பில் போட்டு அனுப்பினேன். புகார் என்று பதிவாகிவிட்டால், நிறுவனம் எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால், அதன்பின் ஆறு மாதத்துக்குள் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மன் சர்வீஸிடம் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். கடிதத்தில் அதையும் அடக்கமாகக் குறிப்பிட்டிருந்தேன்.

ஆறாவது வாரத்தில் முடிவை மாற்றிக்கொண்டதாகப் பதில் வந்தது. அதுவரை நான் கையிலிருந்து கட்டியிருந்த இரத்தப் பரிசோதனை, இன்சுலின், ஊசிகள், நாள் முழுவதும் மருத்துவமனையில் வைத்துச் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை அளந்தது ஆகிய எல்லாவற்றுக்கும், எக்ஸஸ் தொகை, அதாவது நாமே ஏற்க வேண்டிய பகுதி, போக மீதி வந்து சேர்ந்தது. ஆனால் அதே கடிதம் தோல் அரிப்பை முன்பே இருந்த நோயாக நிரந்தரமாக விலக்கியது. அது நியாயம்தான், அதில் நான் வாதாடவில்லை.

எட்டு வயது தாண்டியபின் ஒவ்வொரு ரசீதிலும் இருபது சதவீதம் எங்கள் பங்கு என்று பாலிசியில் இருந்தது நடைமுறைக்கு வந்தது. சிறப்பு உணவுக்கு அவர்கள் எதுவும் தருவதில்லை. பிரீமியம் ஆண்டுதோறும் ஏறுகிறது, ஆனால் இந்த நோயோடு வேறு நிறுவனம் போனால் அங்கே சர்க்கரை ‘முன்பே இருந்தது’ ஆகிவிடும். ஆகவே வீட்டுக் காப்பீட்டில் செய்வதுபோல விலை ஒப்பிட்டு மாறும் சுதந்திரம் போய்விட்டது.

அடுத்த சோதனை கண்ணில் வந்தது. சர்க்கரையுள்ள நாய்களுக்குக் கண்புரை விரைவாக விழும் என்று மருத்துவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். 2024இல் பொம்மியின் இரு விழிகளும் பால்போல வெளுத்தன. எங்கள் பாலிசியில் இரண்டு கண்களும் சேர்ந்து ஒரே நோய். அதுவும் சர்க்கரையின் விளைவு என்பதால் அதே 4,000 பவுண்டு வரம்புக்குள். இந்த முறை அறுவைக்கு முன்பே மதிப்பீட்டை அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். அந்த ஆண்டு வரம்பில் மிச்சமிருந்தது போதாததால், புதுப்பிப்புத் தேதிவரை ஐந்து வாரம் காத்திருக்கலாமா என்று கண் மருத்துவரிடம் கேட்டோம். அழற்சி வராமலிருக்கச் சொட்டு மருந்து விடுவதானால் காத்திருக்கலாம் என்றார். காலையில் ஊசி, சொட்டு. இரவில் ஊசி, சொட்டு என்று அந்த ஐந்து வாரமும் கழிந்தது. புதிய பாலிசி ஆண்டின் நான்காம் நாள் அறுவை நடந்தது. இப்போது பொம்மிக்கு மாடிப்படி தெரிகிறது, தபால்காரரும் தெரிகிறார்.