செராயில் கூடாரம், கொச்சியில் ஏலக்காய்

என் ஏழு நாள் கொச்சிப் பயணத்தை, எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எனக்கு மற்றது ஓடாது.

சனிக்கிழமை காலை. ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். "சாரே, நூறு ரூபாய் கொடுத்தால் போதும். யூதத் தெரு, சினகாக், டச்சு அரண்மனை எல்லாம் காட்டுகிறேன்" என்றார். நூறு ரூபாய்க்கா? முப்பத்து மூன்று வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன் நான். கிலோமீட்டருக்கு என்ன ஆகும் என்று மனதுக்குள் கணக்கு ஓடாமல் இருக்காது. சந்தேகம் வந்தது, இருந்தாலும் ஏறிவிட்டேன்.

முதலில் ஒரு கைவினைப் பொருள் கடை. "வாங்க வேண்டாம் சாரே, பத்து நிமிடம் உள்ளே நின்றால் போதும், ஆள் கொண்டுவந்ததற்கு எனக்கு டோக்கன் தருவார்கள்" என்றார். ஒளிக்காமல் சொன்னாரே என்று போய் நின்றேன். அடுத்தது துணிக்கடை, அங்கும் பத்து நிமிடம். மூன்றாவது மசாலாக் கடை. ஒரு பெண் ஏலக்காயை உள்ளங்கையில் நசுக்கி என் மூக்கருகே நீட்டினாள். அந்த வாசனையில் 200 கிராம் வாங்கிவிட்டேன், 900 ரூபாய். ஏழு நாளைக்கு நான் போட்ட பட்ஜெட்டே 6,000.

பிறகுதான் யூதத் தெருவில் இறக்கிவிட்டார். சினகாக் (யூதர்களின் கோயில்) பூட்டியிருந்தது. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், திறக்க மாட்டார்கள். எனக்குத் தோன்றாதது என் தப்பு. தினமும் அங்கே ஆள் இறக்குகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? கேட்டால், "சாரே, மற்ற கடைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவே" என்றார். கடைசியில் நூறு முந்நூற்றைம்பது ஆனது. "காத்திருந்த நேரம்" என்றார். அவருடைய டோக்கனுக்காக நான் காத்திருந்ததற்கு என்னிடமே வசூல்!

சரி, இப்போது வரிசைக்கு வருகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து கோவை, அங்கிருந்து ரயிலில் ஆலுவா. மூத்த குடிமக்கள் என்று ஆண்களுக்கு 40 சதவீதம் குறைத்துக்கொண்டிருந்த சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது. நான் அறுபதைத் தாண்டியது அதற்கு அப்புறம், ஒரு முறைகூட அனுபவிக்கவில்லை. ஆலுவாவிலிருந்து பரவூர் வழியாகப் பேருந்தில் செராய். கொச்சி நகரத்துக்குள் அறை எடுத்தால் என் பென்ஷன் தாங்காது. வைப்பின் தீவின் வடக்கே இருக்கும் செராயில் கூடாரம் போட்டு, அங்கிருந்து நகரத்துக்குப் போய் வருவது என்று திட்டம். மகன் ஆன்லைனில் 2,200 ரூபாய்க்குக் கூடாரம் வாங்கிக் கொடுத்தான் (அது பட்ஜெட்டில் சேராது). வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டதற்கு, "மண்ணுல படுக்கறதுக்கு எனக்கென்னங்க தலையெழுத்து?" என்றாள். தை அமாவாசை முடிந்த மறுநாள் தனியாகக் கிளம்பினேன்.

கடற்கரையிலேயே போடலாம் என்று போனால் மணலில் முளை நிற்கவில்லை. காற்றுக்கு ஒரு பக்கம் எழும்பிப் பறந்தது. ராத்திரி இங்கே கூடாரம் கூடாது என்று காவலுக்கு இருந்தவரும் சொல்லிவிட்டார். செராயில் ஒரு பக்கம் கடல், சாலையைத் தாண்டினால் இந்தப் பக்கம் காயல் (உப்பங்கழி). காயல் ஓரத்தில் வீட்டோடு அறை வாடகைக்கு விடும் ஒரு சேச்சி (அக்கா), முற்றத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். குளியலறையோடு சேர்த்து இரவுக்கு 300. நல்ல நிழல் பார்த்து நான் விரித்ததும் ஓடி வந்தார். "தெங்கின் சுவட்டில் வேண்டா, சாரே!" அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு நேரே ஒரு தேங்காய்க் குலை. நகர்த்திக்கொண்டேன்.

முதல் நாள் விடிகாலையில் முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழை என்று எழுந்தால் வெளியே வானம் தெளிவாக இருக்கிறது. என் மூச்சுக்காற்றே உள்பக்கம் நீராகப் படிந்து சொட்டியிருக்கிறது. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நீர் படியாது, ஆனால் கொசு வரும். இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கொசுவர்த்தியோடு திறந்து வைத்தேன்.

செவ்வாயும் புதனும் எங்கும் போகவில்லை. நடந்தேன், தூங்கினேன். பக்கத்துப் பள்ளிப்புறத்தில் போர்த்துகீசியர் 1503-இல் கட்டிய கோட்டை இருக்கிறது. ஆறு மூலைகளோடு, நம் ஊர் தண்ணீர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அந்தப் பேருந்தைப் பற்றி மட்டும் எழுதாமல் விட முடியாது. செராயிலிருந்து எர்ணாகுளம் ஹைகோர்ட் பக்கம் போகும் தனியார் பேருந்து. நம் ஊரில் விசில், அங்கே கயிற்றில் கட்டிய மணி. ஒன்றடித்தால் நிற்கும், இரண்டடித்தால் புறப்படும். கதவில் தொங்கும் பையனைக் 'கிளி' என்கிறார்கள், நல்ல பெயர். ஆனால் நிற்பதற்கு முன்பே இரண்டு மணி! ஒரு பாட்டியின் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். எனக்குக் கை பதறியது, நானே மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டேன். வண்டி நின்றது, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கண்டக்டர் காசு வாங்கினாரே தவிர டிக்கெட் தரவில்லை. கேட்டேன். "எதற்கு?" என்று சிரித்தார். எதற்கா? நான் ஒரு டிக்கெட் குறைந்ததற்கு மெமோ வாங்கியவன் ஐயா.

திரும்பும்போது படகு. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ குளிரூட்டியது, சுத்தமானது, சத்தமே இல்லை. ஆனால் கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொண்டு காயலைப் பார்ப்பது தொலைக்காட்சி பார்ப்பது மாதிரிதான். எனக்குப் பிடித்தது ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே லாரி, ஆட்டோ, மீன்கூடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் ரோரோ படகு. பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தேன், மீதிச் சில்லறையும் வந்தது, காற்றும் வந்தது.

வியாழக்கிழமை ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயம் போனேன். 1524-இல் கொச்சியில் செத்துப்போன வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான். 1539-இல் தோண்டி எடுத்து போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலிக் குழிக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள்.

அங்கிருந்து வெளி என்ற பகுதிக்கு நடந்தேன். சலவைக்கூடம் ஒன்று இருக்கிறது, தோபி கானா என்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் காதில் தமிழ். டச்சுக்காரர்கள் படைவீரர்களின் சீருடை துவைக்கக் கூட்டி வந்த தமிழ் வண்ணார்கள் என்று சொல்கிறார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் இன்னும் அதே தொழிலில் இருக்கிறார்கள். வரிசையாகத் தொட்டிகள், துவைகல்கள், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிகள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர் ஒருவர், "சாருக்கு நாடு எங்கே?" என்றார். பொள்ளாச்சி என்றதும், "எங்க பெரியப்பா மகளைப் பழனியில கொடுத்திருக்கு" என்று உட்காரச் சொன்னார். அவர் தமிழில் மலையாளத்தின் இழுப்பு இருந்தது, ஆனாலும் தமிழ்தான்.

அங்கே ஒரு மணி நேரம் நான் பார்த்தது கொடிக்கயிற்றைத்தான். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பெரியவர் கட்டைவிரலால் முறுக்கைக் கொஞ்சம் விலக்குகிறார், வேட்டியின் முனையைச் செருகுகிறார், விரலை எடுக்கிறார். கயிறே கவ்விக்கொள்கிறது. காற்றில் துணி படபடவென்று அடிக்கிறது, ஒன்றுகூட விழவில்லை. நானும் ஒரு துண்டைச் செருகிப் பார்த்தேன். விழுந்தது. "முனை மட்டும் போதும், நெறைய வெச்சா நழுவும்" என்றார். இரண்டாம் முறை நின்றது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட பெட்டியால் என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார், அதற்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இனி சாப்பாடு. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்த கப்பையும் குடம்புளி போட்ட மீன்குழம்பும் சாப்பிட வேண்டும் என்றால் கள்ளுக்கடைக்குத்தான் போக வேண்டும் என்று சேச்சியே சொன்னார். நம் மாநிலத்தில் கள்ளுக்குத் தடை, அங்கே குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிறார்கள். குழம்பு சிவப்பாக, முதல் வாயில் புளிப்பு, விழுங்கிய பிறகு காரம். 180 ரூபாய்க்கு இரண்டு வேளைச் சாப்பாடு ஒரே வேளையில். கள் குடித்தேனா என்று கேட்காதீர்கள், நான் எழுதுவதை வீட்டில் படிக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பயணத்துக்கு நான் போனதே வெள்ளிக்கிழமை ராத்திரிக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. சேச்சி வீட்டுக்குப் பின்னால் பொக்காளி வயல். உப்பைத் தாங்கும் ஆளுயர நெல். மழைக்காலத்தில் உப்பு கழுவிப் போன பிறகு விதைக்கிறார்கள், அறுக்கும்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அது அழுகி இறாலுக்குத் தீனி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதே வயலில் இறால். காயலுக்கும் வயலுக்கும் நடுவே மரப்பலகை போட்ட மதகு, அதன் பெயர் தூம்பு. நம் ஏரித் தூம்பேதான்! ஓதத்தில் (கடல் நீர் ஏறும்போது) பலகையைத் தூக்கித் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள், வற்றும்போது வலையைக் கட்டி வெளியே விடுகிறார்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் நல்ல வேட்டை.

"எத்தனை மணிக்கு?" என்று சேச்சியின் கணவரிடம் கேட்டேன். "நேற்றைவிட ஐம்பது நிமிடம் தாமதம்" என்றார். தினமும் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தாலும் எந்தப் பயணியும் சண்டைக்கு வராத ஒரே வண்டி, இந்த ஓதம்தான்! நடுநிசி தாண்டி எழுப்பினார். தூம்பின் மேல் ஒரு விளக்கு. கீழே தண்ணீர் சலசலவென்று வலைக்குள் பாய்கிறது. வெளிச்சத்தில் சின்னச் சின்ன ஆரஞ்சுப் பொறிகள் நகர்ந்தன. இறால்களின் கண்கள். வலையின் வால் முடிச்சை அவிழ்த்துக் கூடைக்கு மேல் உதறியதும் கூடை முழுக்கத் துள்ளிச் சடசடவென்று சத்தம், ஓட்டு வீட்டில் மழை விழுகிற மாதிரி. ஒரு பிடியை அங்கேயே உப்பும் மிளகாய்த்தூளும் தேங்காய்க் கீற்றும் போட்டு வறுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, சேற்றுக்காலோடு நின்றுகொண்டு சாப்பிட்டேன். காசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, யூதத் தெரு இருக்கும் மட்டாஞ்சேரிக்கு மறுபடியும் போய் 1568-இல் கட்டிய அந்த சினகாக்கைப் பார்த்துவிட்டேன், நடந்தேதான். தரையில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தவை. குனிந்து குனிந்து ஒப்பிட்டுப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரர் தெருமுனையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார், வெட்கமே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கணக்கு: போட்டது 6,000, ஆனது 7,120. ஏலக்காயும் ஆட்டோவும் சேர்த்தால் 1,250. அவை இரண்டும் இல்லையென்றால் 130 ரூபாய் மிச்சமாகியிருக்கும். வீட்டுக்காரம்மா பொட்டலத்தைப் பிரித்து ஒரு காயைக் கடித்துப் பார்த்தாள். "ஏனுங்க, இது நம்ம சந்தையிலயே கிடைக்குமே, இதைவிடப் பச்சையா?"

பதில் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போய், கூடாரக் கயிறு இரண்டை முறுக்கிக் கட்டினேன். ஒரு சேலையின் முனையைச் செருகிவிட்டு விலகி நின்றேன். காற்றில் நன்றாக அடித்தது, விழவில்லை. பின்னாலேயே வந்தவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மற்றத் துணிகளையும் எடுத்து வரக் கீழே போனாள்.