கோடாகத் தெரிந்த சனி

மலைச்சாலையின் கடைசி வளைவைத் தாண்டும்போதே நன்றாக இருட்டிவிட்டது. சனியைப் பார்க்க நான் போனது 2025 நவம்பரில். வரிசையில் நின்று தொலைநோக்கியில் கண்ணை வைத்தால், சனியின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்றுதான் தெரிந்தது. பின்னால் நின்ற சிறுவன் “வளையம் எங்கே அங்கிள்?” என்று தொலைநோக்கிக்காரரிடம் கேட்டேவிட்டான்.

“அந்தக் கோடுதான்” என்றார் அவர். சனியின் அச்சு சுமார் 27 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒருமுறை வளையம் நமக்கு விளிம்பை மட்டும் காட்டும். விரிந்த கோலத்தில் பார்க்க வேண்டுமென்றால் 2032 வாக்கில் போங்கள். ஆனால் என் ஓட்டு இந்தக் கோட்டுக்குத்தான். வளையத்தின் பெரிய அதிசயமே அது இத்தனை மெலிந்திருப்பது.

முதன்மை வளையங்களின் விட்டம் சுமார் 2,70,000 கி.மீ. தடிமனோ பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர் அளவுதான். ஒரு கிலோமீட்டர் விட்டத்துக்குத் தாளை வட்டமாக வெட்டினால், அந்தத் தாள்கூட இந்த விகிதத்துக்குத் தடிமன் அதிகம்! அத்தனையும் தனித்தனிப் பனிக்கட்டிகள். சாய்ந்த பாதையில் போகும் கட்டி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூட்டத்தை ஊடுருவியாக வேண்டும். மோதி மோதி மேலும் கீழும் போகும் வேகம் செத்துப்போகிறது. சுற்றும் வேகம் மட்டும் மிஞ்சுகிறது.

சரி, இவை ஏன் ஒன்றுசேர்ந்து நிலாவாகவில்லை? கோளுக்கு இவ்வளவு அருகில், கட்டியின் இந்தப் பக்கத்தைச் சனி இழுக்கும் விசைக்கும் அந்தப் பக்கத்தை இழுக்கும் விசைக்கும் வித்தியாசம் அதிகம். சொந்த ஈர்ப்பால் பெரிதாகத் திரள முடியாது. இப்படித் திரள முடியாத தூரத்தின் வரம்பைத்தான் ரோஷ் எல்லை என்கிறார்கள்.

வளையங்களுக்கு நடுவே தெரியும் அகலமான இருண்ட பட்டைதான் காசினி இடைவெளி. அதன் உள்விளிம்பு சனியின் நிலாக்களில் ஒன்றான மைமாஸின் வேலை. மைமாஸ் ஒருமுறை சுற்றுவதற்குள் அங்குள்ள கட்டிகள் இரண்டு முறை சுற்றிவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுபட்டால் பாதை நிலைக்குமா? டாஃப்னிஸ் இன்னும் குறும்பு. சுமார் 8 கி.மீ. அகலமே உள்ள அந்த நிலா, வளையத்துக்குள் தான் சுற்றிவரும் குறுகிய இடைவெளியின் விளிம்புகளில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரமான அலைகளை எழுப்புகிறது. 2009இல் சூரிய ஒளி பக்கவாட்டில் விழுந்தபோது அந்த அலைகளின் நிழலைக் காசினி விண்கலம் படமெடுத்தது.

அப்புறம் வயதுச் சண்டை. 2017இல் காசினி கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே புகுந்து பறந்து வளையத்தை எடைபோட்டது: மைமாஸின் நிறையில் பாதிகூட இல்லை. நாளானால் விண்தூசு படிந்து பனி அழுக்காகும்; நிறை குறைவென்றால் இன்னும் சீக்கிரம். அதனால் இவ்வளவு சுத்தமான பனி சில பத்துக் கோடி ஆண்டுப் பழையதுதான், ஏதோ ஒரு நிலா நொறுங்கியிருக்கும் என்பது ஒரு கட்சி. தூசு ஒட்டாமல் போயிருந்தால் சனியின் வயதே வளையத்துக்கும் இருக்கலாம் என்பது மறு கட்சி. எனக்கென்னவோ முதல் கட்சிதான் பிடித்திருக்கிறது. தொலைநோக்கிக்காரர் இரண்டாவது கட்சி; வண்டி கிளம்பும்வரை விட்டுக்கொடுக்கவே இல்லை.