நீண்ட நாள் பயணக் காப்பீடு: பொடி எழுத்தில் முதலில் தேட வேண்டியது தேதிகளை

பயணக் காப்பீடு எடுக்கும்போது எல்லோர் கண்ணும் முதலில் போவது அந்த அட்டவணைக்குத்தான். மருத்துவச் செலவுக்கு இவ்வளவு, பெட்டி தொலைந்தால் இவ்வளவு, விமானம் தாமதமானால் இவ்வளவு. பத்து நாள் சுற்றுலாவுக்கு அதோடு நிறுத்திக்கொண்டால்கூடப் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தங்கப் போகிறவர்களுக்கு அது போதாது. எவ்வளவு கிடைக்கும் என்பதை அட்டவணை சொல்லும். கிடைக்குமா என்பதை முடிவு செய்வது பின்னால் பொடி எழுத்தில் வரும் வரையறைகள். நீண்ட நாள் பாலிசியில் அந்த வரையறைகள் பெரும்பாலும் நாள் கணக்கைச் சுற்றியே இருக்கும்.

முதலில் சரியான காகிதம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். விசாவுக்காகக் கொடுக்கும் ஒரு பக்கச் சான்றிதழ் பாலிசி ஆகாது. உதாரணத்துக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ கவரேஜ் வேண்டும். அது இருக்கிறது என்று மட்டும்தான் அந்தச் சான்றிதழ் சொல்லும். உங்களுக்கு வேண்டியவை மூன்று: உங்கள் பெயர், தேதி, தொகை எல்லாம் உள்ள ஷெட்யூல்; பல பக்கம் நீளும் பாலிசி வாசகம்; உங்களுக்கென்று சேர்த்த மாற்றங்கள் இருந்தால் அந்த என்டார்ஸ்மென்ட். பாலிசி வாசகத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பிடிஎஃப்பைத் திறந்து 'டேஸ்', 'ஹவர்ஸ்', 'ஹோம் கன்ட்ரி', 'ஸ்டேபிள்' என்ற நான்கு சொற்களைத் தேடி, அவை வரும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். அரை மணி நேர வேலை. முகப்புப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

ஒரு வருடத்தில் பல முறை போய் வருவதற்கான வருடாந்திர மல்டி-ட்ரிப் பாலிசியில் பலர் ஏமாந்து போகிறார்கள். 'ஒரு வருடம்' என்று போட்டிருப்பதால் வருடம் முழுக்க வெளியூரில் இருக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் ஒவ்வொரு பயணத்துக்கும் 30, 45, 60, 90 நாள் என்று ஏதாவது ஓர் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பாலிசிக்குப் பாலிசி வேறு. சிலவற்றில் வரம்பு நாள் வரைக்கும் கவரேஜ் இருக்கும், அதற்குப் பிறகு இருக்காது. வேறு சிலவற்றில் வரம்புக்கு மேல் திட்டமிட்ட பயணத்துக்கு முதல் நாளிலிருந்தே கவரேஜ் கிடையாது. திரும்பும் டிக்கெட் தேதியை வைத்தே அதைக் கணக்கிட்டுவிடுவார்கள். நீண்ட நாள் தங்குவதற்கென்று உள்ள ஒற்றைப் பயண பாலிசிதான் சரி.

அதையும் எத்தனை மாதத்துக்கு எடுப்பது? செலவைப் பார்த்து முதலில் ஆறு மாதம் எடுத்து, தேவைப்பட்டால் நீட்டித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைப்பார்கள். நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். நீட்டிப்பு என்று சொல்லிக் கொடுப்பது பல நிறுவனங்களில் சட்டப்படி ஒரு புதிய பாலிசி. ஐந்தாவது மாதத்தில் சிறுநீரகக் கல் வந்து சிகிச்சை எடுக்கிறீர்கள், பணம் கிடைக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் நீட்டிக்கிறீர்கள். எட்டாவது மாதத்தில் அதே கல் மறுபடி வலிக்கிறது. இப்போது புதிய பாலிசியின் கணக்கில் அது 'முன்பே இருந்த நோய்'. க்ளெய்ம் நிற்காது. அதோடு, ஏற்கெனவே க்ளெய்ம் செய்தவருக்கு நீட்டிப்பே கிடையாது என்ற விதியும் உண்டு. பாலிசி முடிய இத்தனை நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே இருக்கக்கூடிய அதிகபட்ச காலத்துக்கு ஒரேயடியாக எடுத்துவிடுங்கள். க்ளெய்ம் இல்லாமல் சீக்கிரம் திரும்பினால் மீதி மாதங்களுக்குப் பணம் திரும்பத் தரும் பாலிசிகள் இருக்கின்றன. அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இடையில் ஊருக்கு வந்து போவதும் இதே மாதிரிதான். தாய்நாட்டு மண்ணை மிதித்த நிமிடமே பாலிசி முடிந்தது என்று எழுதிய வாசகங்கள் உண்டு. அப்படியானால் ஒரு கல்யாணத்துக்கு வந்து ஒரு வாரத்தில் திரும்பிப் போனால், மிச்சம் உள்ள மாதங்களுக்கு உங்களிடம் காப்பீடே இல்லை. சில பாலிசிகள் குறிப்பிட்ட நாட்கள் வந்து போக விடும், ஆனால் ஊரில் இருக்கும் நாட்களில் மருத்துவச் செலவு கொடுக்காது. இன்னும் ஒன்று: கிளம்பிய பிறகு, வெளிநாட்டில் இருந்துகொண்டே பாலிசி எடுப்பதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஏற்பவையும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைக்கும்.

முன்பே இருந்த நோய் என்ற சொல்லுக்கு வருவோம். பாலிசி தொடங்கும் தேதிக்கு முன் 60, 90 அல்லது 180 நாள் என்று ஒரு காலத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் நோய் 'ஸ்டேபிள்' ஆக, அதாவது மாற்றமில்லாமல் நிலையாக, இருந்திருக்க வேண்டும். இந்தச் சொல்லை நாம் பேச்சில் புரிந்துகொள்வது வேறு, பாலிசியின் பொருள் வேறு. மருந்தின் அளவை மாற்றினாலே ஸ்டேபிள் இல்லை என்று சொல்லும் வரையறைகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது என்று டாக்டர் மாத்திரையை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தால், அதுவும் மாற்றம்தான். எழுதிக் கொடுத்து இன்னும் செய்யாத ஸ்கேனும் கணக்கில் வரும். எதையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். கூடுதல் பிரீமியம் வரலாம். க்ளெய்ம் வந்தால் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். மறைத்தது அப்போது வெளியே வந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம்.

பணக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மருத்துவமனை பில் 12,000 டாலர் என்று வையுங்கள். நான்கு நாள் அறை, நாளுக்கு 1,500 வீதம் 6,000. மற்றவை 6,000. பாலிசியில் அறைக்கு நாளொன்றுக்கு 1,000 தான் சப்-லிமிட், அதாவது அந்த ஒரு செலவுக்கென்று வைத்த தனி வரம்பு. அங்கேயே 2,000 போச்சு, மீதி 10,000. டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 500 கழித்தால் 9,500. உங்கள் பங்கு 20 சதவீதம் என்றால் 1,900 போய், கையில் வருவது 7,600. நீங்கள் கட்டுவது 4,400. அட்டவணையில் ஒரு லட்சம் டாலர் என்று போட்டிருந்தாலும் இதுதான் நிலைமை. டிடக்டிபிள் வருடத்துக்கு ஒரு முறையா, ஒவ்வொரு க்ளெய்முக்குமா என்பதையும் பாருங்கள். நீண்ட நாள் தங்குபவருக்குச் சின்னச் சின்ன வைத்தியம் பல வரும். ஒவ்வொன்றுக்கும் 250 பிடித்தால் புறநோயாளிச் செலவு எதுவுமே தேறாது.

உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் உரிமை பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கும். பயணம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்று அவர்கள் மருத்துவர் சொல்லி, நீங்கள் போக மறுத்தால், அந்த நோய்க்கான பணம் அன்றோடு நின்றுவிடும். ஏர் ஆம்புலன்ஸை அவர்களைக் கேட்காமல் நீங்களே ஏற்பாடு செய்தாலும் பணம் வராது.

நீண்ட நாள் தங்குபவர்கள் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காமல் இருப்பது அபூர்வம். எத்தனை சிசி வரை என்று பாருங்கள், 125க்கு மேல் கிடையாது என்பது அடிக்கடி வரும் நிபந்தனை. ஹெல்மெட்டும் அந்த நாட்டில் செல்லும் உரிமமும் வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்பட்டதென்றால் ஒரு வருடம்தான் செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி என்றால் அதிகபட்சம் மூன்று வருடம். நீங்கள் போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். சில மாதம் தங்கிய பிறகு உள்ளூர் உரிமம் கட்டாயம் என்று சட்டம் உள்ள நாடுகளும் உண்டு. அந்தத் தேதி கடந்த பிறகு விழுந்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். விசா காலம் தாண்டித் தங்கினாலும் கவரேஜ் போய்விடும் பாலிசிகள் உண்டு.

பெட்டி விஷயத்தில் இரண்டே தேதி நினைவிருந்தால் போதும். 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். திருட்டு என்றால் பல பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கேட்கும்.

போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள். விமான நிலையக் குடியேற்றச் சோதனையின் தானியங்கி வாயிலில் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் முத்திரை குத்துவதில்லை. எந்தத் தேதியில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று காட்ட அதுதான் எளிய வழி. படித்ததில் எந்த வரியாவது இரண்டு விதமாகப் பொருள் கொடுத்தால், தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். 'நடுவில் 12 நாள் ஊருக்கு வந்து திரும்பினால் பாலிசி தொடருமா?' என்று உங்கள் தேதிகளைப் போட்டே கேளுங்கள். வரும் பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். பிடிக்காவிட்டால் ரத்து செய்து பணம் திரும்பப் பெறும் சில நாள் அவகாசம் இருந்தால், இதையெல்லாம் அதற்குள் முடித்துவிடுங்கள். பயணம் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் அந்த அவகாசமும் முடிந்துவிடும்.