சோளம் முதலில் வாடும் இடம்

உழுத காட்டில் பழைய பானை ஓடு தேடிப் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு நடை வந்துவிடும். தலை குனிந்திருக்கும், கால் மெதுவாக விழும், கண் இரண்டடி முன்னே மேயும். காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். சாய்வெயிலில் ஒவ்வொரு ஓட்டுச்சில்லும் தன் நிழலோடு தெரியும். பத்து மணியைத் தாண்டினால் எல்லாம் மண்ணின் நிறத்தில் கலந்துவிடும். பதினொரு ஆண்டுகளாகக் கொங்குப் பகுதியில் தொல்லியல் கள ஆய்வு செய்கிறேன். இந்த நடையைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன்.

காங்கயத்துக்கு அருகே ஒரு மானாவாரிக் காடு. எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். சித்திரை மழை பெய்து கோடை உழவு முடிந்திருந்த நேரம். உழவின்போது நான்கு கற்கள் வளைவாக வெளியே தெரிந்ததாக அந்த ஊர் ஆசிரியர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். இறந்தவரைப் புதைத்த இடத்தைச் சுற்றி முன்னோர் நட்ட கல்வட்டமாக இருக்குமா என்று பார்த்துவரப் போனேன்.

கல் வளைவாகக் கிடந்தால் அது ஈமச்சின்னம் ஆகிவிடாது. இந்தப் பகுதியில் வட்டமாகக் கல் வைப்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆட்டுப்பட்டியாக இருக்கலாம், கதிரடித்த களமாக இருக்கலாம், சுண்ணாம்புக் காளவாயின் அடிப்பகுதியாக இருக்கலாம், தூர்ந்துபோன கிணற்றின் விளிம்பாகவும் இருக்கலாம். உழவுக்கு இடைஞ்சலான கற்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக் குவித்த மேடுகள் தூரத்திலிருந்து பார்த்தால், கல்லறைமேல் முன்னோர் கல் குவித்த அசல் கற்குவைபோலவே இருக்கும். ஆனால் உழவர் கல்லைப் பெரும்பாலும் வரப்போரத்திலோ மூலையிலோதான் கொண்டுபோய்க் கொட்டுவார். நல்ல மண்ணுள்ள நடுக்காட்டில் கொட்டமாட்டார். அவர் கொட்டிய கல் மண்ணின் மேல் கிடக்கும். முன்னோர் நட்ட கல் மண்ணுக்குள் நிற்கும். நிற்கிறதா, கிடக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்த நான்கும் நின்றன. அவற்றில் ஒன்றின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஒரு சாண் உயரம்தான் வெளியே தெரிந்தது. சாம்பல் நிறத்தில் கருங்கோடுகள் ஓடும் பாறை, பலகைபோல் விளிம்பு மேலே இருக்கச் செருகப்பட்டிருந்தது. அதன் நெற்றியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தழும்புகள். சில ஆழமில்லாத பழைய கீறல்கள், அவற்றில் துருவின் சிவப்பு படிந்திருந்தது. மேலே ஓடிய புதிய கீறல்கள் வெள்ளையாகப் பளிச்சிட்டன. ஏரின் கொழு உரசியது கீழே, டிராக்டர் உரசியது மேலே. எத்தனையோ கோடைகளின் உழவு அந்தக் கல்லில் எழுதியிருந்தது. கல்லின் அடியில் விரல் நீளத்துக்கு ஓர் ஓடு கிடைத்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் மேலே கறுத்துக் கீழே சிவந்திருந்தது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் வரும் நிறம், கறுப்பு சிவப்புப் பாண்டம். அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. குடியிருப்பிலும் அதே பானை கிடைக்கும்.

அளந்தேன். வளைவின் இரு முனைகளுக்கு இடையே கயிறு கட்டினால் 4.2 மீட்டர். கயிற்றின் நடுவிலிருந்து வளைவு வரை 50 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் முழு வட்டத்தின் விட்டம் 9 மீட்டருக்குச் சற்று மேல் வரும். மையம் விழும் இடத்தில் ஒரு சிறு முளைக்குச்சி நட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு கல்லும் தெரியவில்லை.

அப்போதுதான் காட்டுக்காரப் பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். எதிர்ப்பக்கத்துக் கற்களைப் பற்றிக் கேட்டேன். "எங்கள் அப்பன் இரண்டைப் பெயர்த்துக் கிணற்றுமேட்டில் துவைக்கப் போட்டார், அம்மிணி" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "இந்தக் காட்டில் ஓரிடத்தில் மட்டும் சோளம் முதலில் வாடிவிடும். எத்தனை எரு போட்டாலும் அப்படித்தான்."

எந்த இடம் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துபோய் நின்றார். என் முளைக்குச்சிக்கும் அவர் காலுக்கும் ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. குச்சியை அவர் கவனித்திருக்கவில்லை. உடம்பு சிலிர்த்தது எனக்கு.

இதற்குக் காரணம் எளிமையானது. கல்வட்டத்தின் நடுவே கற்பதுக்கை இருக்கலாம். கற்பதுக்கை என்றால் நிலத்துக்குள் கற்பலகைகளை அறைபோல் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த கல்லறை. மூடுகல்லின் மேல் மண் ஆழமில்லாமல் இருந்தால் வேர் இறங்க வழியில்லை, ஈரமும் தங்காது. மழை தவறும் ஆண்டில் அந்த இடத்துப் பயிர் முதலில் மஞ்சளாகும். குழியோ பள்ளமோ தூர்ந்த இடத்தில் நேர்மாறாக நடக்கும். அங்கே ஈரம் தங்கிப் பயிர் பச்சையாக நிற்கும். 2018 ஜூலையில் அயர்லாந்தின் போயின் நதிப் பள்ளத்தாக்கில், நியூகிரேஞ்ச் பெருங்கல்லறைக்கு அருகே, கடும் வறட்சியில் ஒரு வயலில் பெரிய வட்டம் பச்சையாகத் தெரிந்து ட்ரோனில் பதிவானது. அங்கே வானத்திலிருந்து பார்த்ததை இங்கே ஒருவர் ஏர் பிடித்து நடந்தே பார்த்திருக்கிறார். தூர்ந்த கிணறு என்ற என் சந்தேகமும் அவர் சொல்லால்தான் தீர்ந்தது. கிணறாக இருந்திருந்தால் அங்கே சோளம் கடைசியில் வாடியிருக்கும்.

அடுத்து அவர் கேட்டது: "பட்டாவுக்கு ஏதும் வந்துவிடாதே?"

ஏறத்தாழ எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி இது. பலர் இதைக் கேட்காமலே, இரவோடு இரவாகப் பொக்லைன் வைத்துக் கல்லைப் பெயர்த்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஒருவருக்கு இருப்பது மூன்று ஏக்கர், அதுவும் வானம் பார்த்த பூமி. மேற்பரப்பை அளந்து எழுதுவதால் நிலம் கைமாறாது, அகழாய்வு என்றால் அரசின் அனுமதி வேண்டும், நினைத்தவர் நினைத்தபடி தோண்ட முடியாது என்று பொறுமையாகச் சொன்னேன். உழும்போது மதிப்புள்ள புதையல் ஏதேனும் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும் மறைக்காமல் சொன்னேன். பாதி உண்மை சொல்லிவிட்டு வந்தால் அடுத்த முறை அந்தக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது.

சொல்வதை அளந்து சொல்லவும் பட்டுத்தான் கற்றேன். வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், வேறோர் ஊரில், கல்லறைகளில் கிடைக்கும் சூதுபவளம் என்ற செந்நிறக் கல் மணிகளைப் பற்றி டீக்கடையில் ஆர்வமாகப் பேசினேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது மூடுகல் உடைந்து கிடந்தது. உள்ளே புதிதாகத் தோண்டிய குழி. ஓரத்தில் பானைகள் நொறுங்கிக் குவிந்திருந்தன. அவை அன்றுவரை முழுப் பானைகள் என்பது உடைந்த விளிம்புகளின் புதுச் சிவப்பிலேயே தெரிந்தது. அந்தக் குவியல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஒரு கல்லறைக்குள் நான்குகால் சாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரிந்தது. அதே கல்லறையில் பானை தாங்கும் பிரிமனையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் இருந்ததால், எழுத்தின் தொன்மை பற்றிய பேச்சே மாறிப்போனது. நெல்லும் பிரிமனையும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்ததால்தான் அது முடிந்தது. யாரோ ஒருவர் மணி தேடி முன்பே கையை விட்டிருந்தால், மிஞ்சியிருப்பது ஒரு பிடி உமியும் உடைந்த ஓடும்தான்.

அதனால்தான் பெரியவரின் காட்டில் ஒரு கம்பியைக்கூட நான் இறக்கிப் பார்க்கவில்லை. மீண்டும் புரட்டாசியில் போனேன். அந்த ஆண்டு மழை ஏமாற்றியிருந்தது. இடுப்புயரச் சோளத்துக்கு நடுவே, கிழக்கு மேற்காக, இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு. கட்டில் அளவு. இருவரும் அதன் ஓரத்தில் நெடுநேரம் பேசாமல் நின்றோம்.

"உள்ளே இருப்பது ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.

"திறக்காமல் சொல்ல முடியாது, ஐயா. திறந்தாலும் சில நேரம் தெரியாது."

"யாராக இருந்தாலும், நாற்பது வருடம் தலைமேல் ஏர் ஓட்டியிருக்கிறேன்" என்றார். குரல் தழுதழுத்தது.

அறிக்கையில், "இரும்புக்கால ஈமச்சின்னமாக இருக்கக்கூடும்" என்று எழுதினேன். 'கூடும்' எதற்கு, தைரியமாக எழுதலாமே என்றார் சக ஆய்வாளர் ஒருவர். நான் மாற்றவில்லை. நான்கு கல், ஓர் ஓடு, ஒரு மஞ்சள் திட்டு, ஒரு மனிதரின் நாற்பது வருட நினைவு. இவ்வளவுக்கு அந்தச் சொல்தான் பொருந்தும். அந்த இடத்தில் ஆழ உழவு வேண்டாம், தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் நிலத்தடி ராடார் கிடைக்கும்போது முதலில் இங்கே கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தேன்.

வட்டத்தின் வரைபட நகல் ஒன்றைப் பெரியவருக்கும் கொடுத்தேன். போன தை மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டா, சிட்டா, புலப்பட நகல், அவற்றோடு நான்காக மடித்த என் வரைபடம். இரண்டு இடங்களில் பென்சிலால் புதிதாகக் குறித்திருந்தார், அப்பன் பெயர்த்தெடுத்த கற்கள் நின்ற இடங்கள்.