தேதி கிழிக்கும் காலண்டரும் ஒரு பைனாகுலரும்

தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வரி இருக்கும். "பகல் 1.14 வரை ரோகிணி, பின்பு மிருகசீரிடம்" என்கிற மாதிரி. ஜாதகம் பார்க்கிறவர்களுக்கும் கோயிலில் அர்ச்சனை செய்கிறவர்களுக்கும்தான் அது என்று நாம் கண்டுகொள்ளாமல் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவோம். நிலா இன்றைக்கு வானத்தில் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. அதைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய், நிஜமாகவே நிலா அங்கே நிற்கிறதா என்று பார்ப்பது போன கார்த்திகை மாதத்திலிருந்து என் பொழுதுபோக்கு.

சென்னையில் நட்சத்திரமா என்று ஆபீஸில் சிரித்தார்கள். சிரிப்பது சரிதான். சோழிங்கநல்லூரில் வேலை, மடிப்பாக்கத்தில் வாடகை வீடு, வீட்டுக்கு வரும்போது எட்டரை ஆகிவிடும், வானம் அப்போது ஒருமாதிரி சாம்பலும் ஆரஞ்சுமாக இருக்கும். பெரிய டெலஸ்கோப் வாங்கினாலும் இந்த வெளிச்சத்தில் பாதிக் காசு வீண். ஆனால் நிலாவை எந்த விளக்கும் மறைக்காது, நிலா போகும் வழியில் இருக்கிற பெரிய நட்சத்திரங்கள் நாலைந்தும் இந்த வெளிச்சத்தைத் தாண்டித் தெரிகின்றன. அது போதும்.

கணக்கு ரொம்ப எளிது. வானத்தைச் சுற்றி 360 பாகை (டிகிரி), அதை 27 நட்சத்திரங்களுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). நிலா ஒரு சுற்று வர 27.3 நாள், ஆகவே நாளுக்கு ஏறக்குறைய ஒரு நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது பத்துப் பாகை. நேற்று நிலா நின்ற இடத்திலிருந்து ஒரு முஷ்டியும் இரண்டு விரலும் கிழக்கே தள்ளினால் இன்றைய இடம். திதியும் இதே மாதிரிதான், சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் 12 பாகை கூடினால் ஒரு திதி, அதனால் வளர்பிறையில் அஷ்டமியின் நடு நேரத்தில் நிலா சரிபாதியாக இருந்தே தீரவேண்டும்.

பைனாகுலர் 10×50, எட்டாயிரம் சொச்சம். பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். இதற்கு மேல் மடங்கு கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிவிடும், ஸ்டாண்டு இல்லாமல் பார்க்க முடியாது. இதுவே எடை ஒரு கிலோவுக்குக் கிட்ட. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ஏணியில் முதுகைச் சாய்த்து, முழங்கையை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றினால்தான் படம் நிற்கிறது. உள்ளே தெரிகிற வட்டம் ஆறரைப் பாகை, அதாவது நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதின்மூன்று அடுக்கலாம். சரிபார்க்க, வான வரைபடம் காட்டுகிற ஸ்டெல்லேரியம் ஆப் போனில் இருக்கிறது. ஆனால் முதலில் தாள், அப்புறம் கண், கடைசியில்தான் ஆப் என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் மாடியிலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆரம்பமே மழை. டிசம்பர் 3 கார்த்திகை தீபம், டித்வா புயலின் மிச்சம் சென்னைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது. அகல் விளக்கை வராண்டாவுக்குள் வைத்ததோடு சரி. ஊரிலிருந்து அம்மா போன் செய்து, "இன்னைக்கு கார்த்திகைடா, கவுச்சி தின்னுடாத" என்று ஞாபகப்படுத்தினார். அம்மாவுக்கு இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று காலண்டர் பார்க்காமலேயே தெரியும், அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்பார்.

முதல் நல்ல இரவு ஜனவரி 3, சனிக்கிழமை, ஆருத்ரா தரிசனம், பௌர்ணமி. மார்கழியில் நிலா திருவாதிரையில் நிறையும் என்று படித்திருந்ததால் நிலாவுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைத் தேடினால் அது இரண்டு முஷ்டிக்கு மேல் தள்ளி நின்றது. காரணம் இரண்டு. நிலா மாலைக்குள்ளேயே புனர்பூசத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று, திருவாதிரை நட்சத்திரம் நிலாவின் பாதையிலிருந்து எப்போதுமே தெற்கே விலகித்தான் இருக்கிறது. நிலா சூரியப் பாதையிலிருந்து அதிகபட்சம் ஐந்து பாகைதான் இப்படியோ அப்படியோ நகரும், திருவாதிரையோ பதினாறு பாகை தெற்கே. சுவாதியும் திருவோணமும் இன்னும் மோசம், இரண்டும் முப்பது பாகைக்குக் கிட்ட வடக்கே. அந்த நாட்களில் தாளில் உள்ள பெயரை நம்பி நிலாவுக்குப் பக்கத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, நேர் மேலேயோ கீழேயோ தலையை நன்றாகத் திருப்பவேண்டும். ஒட்டி உரசிக்கொண்டு போகிறவை கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த ஐந்திலிருந்து தொடங்கினால் போதும்.

அன்று திருவாதிரை ஏமாற்றினாலும் குரு ஈடு கட்டிவிட்டது. அப்போது குரு, அதாவது வியாழன் கிரகம், மிதுனத்தில், புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நள்ளிரவுக்கு நிலாவும் குருவும் பைனாகுலரின் ஒரே வட்டத்துக்குள் வந்தன. நிலாவை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, மூச்சை அடக்கிக் கையை ஆடாமல் பிடித்தால் குருவுக்கு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். 1610-இல் கலிலியோ பார்த்த அதே நாலு நிலாக்களில் சில. எட்டாயிரம் ரூபாய்க்கு இது ரொம்ப மலிவு என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பொங்கலுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தை அமாவாசை ஜனவரி 18 என்பதால் நிலாவே கிடையாது, நான் செய்துகொண்டிருந்த சோதனைக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் வயல்காட்டில் போய் நின்றபோது சென்னையில் நான் இவ்வளவு நாள் பார்த்தது வானமே இல்லை என்று ஆகிவிட்டது. கார்த்திகை வெறும் கண்ணுக்கே ஆறு நட்சத்திரம், பைனாகுலரில் எண்ண முடியவில்லை. தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளீரென்று. கிழக்கே பூசம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மங்கலான திட்டு, துடைக்க மறந்த சுண்ணாம்புக் கறை மாதிரி. பைனாகுலரை வைத்ததும் அது பொலபொலவென்று நட்சத்திரங்களாக உதிர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பனியில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுதான் பூசமா, உங்கப்பா நட்சத்திரம்டா" என்றார்.

அதே பூசத்தைச் சென்னையில் பார்க்க வேண்டும் என்று பிப்ரவரி 1 தைப்பூசத்துக்குக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வானம் சுத்தம், எட்டு மணிக்கு நிலா கிழக்கே ஏறி நிற்கிறது, தாளில் பூசம். கணக்குப்படி அந்தக் கூட்டம் நிலாவிலிருந்து இரண்டு பாகைக்குள், அதாவது நாலு நிலா அகலத்துக்குள். ஆனால் முழுநிலா வெளிச்சம் அத்தனையையும் கழுவிவிட்டது. நிலாவை வட்டத்துக்கு வெளியே ஒதுக்கிப் பார்த்தும் இரண்டு மூன்று மங்கல் புள்ளிகள்தான் மிஞ்சின. காலண்டர் சரி, நிலாவும் சரியான இடத்தில், ஆனால் தைப்பூசத்தன்று பூசத்தைப் பார்ப்பதுதான் முடியாத காரியம். விழா நட்சத்திரங்களைப் பௌர்ணமியில் தேடாமல், அதே நட்சத்திரம் பிறை நாளில் வரும்போது தேட வேண்டும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் ஹவுஸ் ஓனர் மாடிக்கு வந்தார். பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள் நடமாடுகிற நேரத்தில், இருட்டில் ஒரு பையன் பைனாகுலரோடு நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

"என்ன தம்பி, இந்நேரத்துல?"

"நிலாதான் சார், நீங்களும் பாருங்க."

அது பிப்ரவரி 24. தாளில் ரோகிணி, அஷ்டமி. நிலா சொன்னபடி பாதி. மேற்கே இறங்கிக்கொண்டிருந்த நிலாவுக்குக் கீழே கார்த்திகை, தெற்கே ஒரு முஷ்டி தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. பாதி நிலாதான் பைனாகுலருக்கு ஏற்றது. வெளிச்சமும் இருட்டும் சேர்கிற கோட்டில் சூரியன் சாய்வாக விழுவதால் குழிகளின் சுவர் நிழல் தெரியும், பௌர்ணமியில் அந்த நிழலெல்லாம் போய் நிலா தட்டையாகிவிடும். சார் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஓரம்லாம் அரிச்ச மாதிரி இருக்கேப்பா" என்றார்.

மறுநாள் அவரே வாக்கியப் பஞ்சாங்கத்தோடு மாடிக்கு வந்துவிட்டார். அது பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிப்பது. என் வீட்டுக் காலண்டர் திருக்கணிதம், வானத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு. நட்சத்திரம் மாறும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும், எது சரி என்று உன் பைனாகுலரில் பார்த்துச் சொல் என்கிறார். சனிப்பெயர்ச்சியே திருக்கணிதத்தில் 2025 மார்ச், வாக்கியத்தில் 2026 என்று கிட்டத்தட்ட ஒரு வருடம் தள்ளிப்போன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பஞ்சாயத்து என் கையில் இல்லை. ரோகிணி முடிந்து மிருகசீரிடம் தொடங்கும் எல்லைக்கோட்டை யாரும் வானத்தில் போட்டு வைக்கவில்லையே. கேட்டையையே பாருங்கள், திருக்கணிதப்படி அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை நிலா தாண்டுவது தாளில் கேட்டை பிறப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், அனுஷம் முடிகிற தறுவாயில். பங்கு சமமாகப் பிரித்தது நாம், நட்சத்திரங்கள் சமமாக உட்கார்ந்திருக்கவில்லை.

சாரிடம் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றிச் சொன்னேன். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய மெட்ராஸ் அப்சர்வேட்டரியில் வேலை பார்த்தவர். அங்கே தலைமை வகித்த போக்சன் 1861-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார், அதோடு நிற்காமல், கண்ணால் பார்க்கிற வானத்தோடு பஞ்சாங்கக் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடித் திருக்கணித முறையில் பஞ்சாங்கமே வெளியிட்டார். பிழைப்புக்கு அப்சர்வேட்டரி வேலை, மற்ற நேரத்தில் பஞ்சாங்கத் தகராறு. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. சார் பிடிகொடுக்கவில்லை, "இருக்கட்டும் தம்பி, திருநள்ளாறுல வாக்கியம்தான்" என்று முடித்துவிட்டார்.

மார்ச் 2 இதுவரை கிடைத்ததிலேயே நல்ல நாள். தாளில் மகம். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேலே போனால், நிலாவிலிருந்து இரண்டு மூன்று நிலா அகலம் தள்ளி ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவு வெளிச்சத்திலும் அணையாமல். இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்தில் நிலா தன் அகலம் அளவுக்கு விலகியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. நிலா நகர்கிறது என்று பள்ளியில் படித்ததற்கும் அது நகர்வதை நின்று பார்ப்பதற்கும் ரொம்ப தூரம். மறுநாள் சந்திர கிரகணம், நிலா உதிக்கும்போதே பாதி விட்டுப்போய் 6.47-க்கு முடிந்துவிடும் என்று தெரிந்ததால் ஆபீஸ் கார் பார்க்கிங் மாடியில் நின்றேன். கிழக்கே கடற்கரைப் பக்கம் ஒரே தூசி மங்கல், கட்டிடங்களைத் தாண்டி நிலா தலை காட்டியபோது கிரகணம் விட்டாகிவிட்டது.

ஆபீஸில் இப்போது நான் "காலண்டர்". எங்கள் டீமில் ஒரு அண்ணன் சந்திராஷ்டம நாளில் ப்ரொடக்‌ஷனில் கை வைக்க மாட்டார், ரிலீஸ் தேதி முடிவானதும் என்னிடம் வந்து நிலா அன்றைக்கு எந்த ராசி என்று விசாரிக்கிறார். ஒரு ராசியில் நிலா இரண்டேகால் நாள், அவர் ராசிக்கு எட்டாம் ராசியில் அது வரும்போதுதான் சந்திராஷ்டமம், அப்போது அவருக்கு லீவு மனநிலை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் நிலா எங்கே என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான், அதனால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் இன்னும் டிக் போடாதவை சித்திரை, விசாகம், கேட்டை, மூலம். இவையெல்லாம் இப்போது நள்ளிரவுக்குப் பக்கத்தில்தான் மேலே வருகின்றன, காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங் ஒன்பது மணிக்கு என்பதால் கோடையில் அவை மாலைக்கு வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று விட்டுவிட்டேன். மே 1 சித்ரா பௌர்ணமி, அன்றைக்குத் தாளில் சித்திரை இருக்காது, சுவாதி இருக்கும், நிலா சித்திரையைத் தாண்டிக் கிழக்கே போயிருக்கும். சாரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.