“தெரியலைம்மா”: அப்பாவோடு இரண்டு மாதம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

அப்பா படுக்கும் அறையில் ஃபேன் ‘கடக் கடக்’ என்று சத்தம் போட ஆரம்பித்து மூன்று மாதமாகிறதாம். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 36 வருடம் ஃபிட்டராக இருந்தவர், பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலே போய் எட்டிப் பார்க்கிறவர், இப்போது அதன் கீழேயே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அம்மா போய் ஐந்து மாதம். அப்பா ஃபோனில் வயிறு சரியில்லை, கால் குடைச்சல், தூக்கமில்லை என்றுதான் சொல்வார், மனசு சரியில்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஜூன் 5, வியாழன்

“எழுபத்து நாலு வயசாச்சு, இனிமே அப்படித்தான் இருக்கும்” என்கிறார் சித்தி. பக்கத்தில் பார்த்த டாக்டரும் அதையே சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நேற்று ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தள்ளாடிக் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் விழித்திருந்ததால் தெரிந்தது. இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும்? எனக்குக் கோபம் அடங்கவேயில்லை.

ஜூன் 12, வியாழன்

மனநல மருத்துவர் என்றதும் “எனக்கென்ன பைத்தியமா?” என்றார். தூக்கம் வரலைன்னு மட்டும் சொல்லுங்கப்பா, போதும் என்று அழைத்துப் போனேன். என் பயமெல்லாம் மறதி நோயாக இருக்குமோ என்பதுதான், இரண்டு தடவை கேஸை அணைக்காமல் விட்டிருக்கிறார். டாக்டரம்மா தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் “தெரியலைம்மா, ஞாபகமே இல்லை” என்றுதான் பதில்.

அதைக் கேட்டு நான் உடைந்துபோனேன், ஆனால் டாக்டர் அதை வேறுமாதிரி புரிந்துகொண்டார். மறதி நோய் வந்தவர்கள் பெரும்பாலும் மறதியை மறைத்து எதையாவது சொல்லிச் சமாளிப்பார்களாம், மனச்சோர்வில் இருப்பவர்கள்தான் முயற்சிகூடச் செய்யாமல் தெரியலை என்று விட்டுவிட்டு, மறதியைப் பற்றித் தாங்களே புலம்புவார்களாம். அப்புறம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள். மனச்சோர்வைக் கண்டறிய முதியவர்களுக்கென்றே 1982-இல் 30 கேள்விகளோடு உருவாக்கியதன் சுருக்கம் அது. அதில் தூக்கம், பசி, உடம்பு வலி பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வயதானால் அதெல்லாம் எப்படியும் மாறும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அப்பா உடனே ஆமாம் என்றார், எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். 15 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார், அது நாளாக நாளாக பி12-ஐக் குறைக்கும், அதனாலும் சோர்வும் மறதியும் வருமாம். குறைவாகத்தான் இருந்தது. அதற்கு ஊசி, மனச்சோர்வுக்குத் தனியாக மாத்திரை. தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஒன்றும் மாறவில்லை, மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறான் என் தம்பி. நிறுத்தக் கூடாது, பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இன்று ரத்தத்தில் சோடியம் பார்த்தோம், இந்த மாத்திரை வயதானவர்களுக்குச் சிலசமயம் அதைக் குறைத்துவிடும். சரியாக இருந்தது.

“மனசு சரியானதும் நடக்கலாம்னு இருக்காதீங்க, நடந்தாத்தான் மனசு சரியாகும்” என்றார் டாக்டர். சாயங்காலம் தெருமுனை வரை போய்வந்தோம், அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

பொன்மலை சந்தை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, முத்தல் என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா செய்கிற வேலை அது.

ஜூலை 18, வெள்ளி

எழுந்திருக்கவேயில்லை. “என்னை இன்னும் கூப்பிட்டுக்க மாட்டேங்கிறானே” என்றார். வயதானவர்கள் பேச்சு என்று தாண்டிப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து “செத்துடணும்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன். இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல முடியாமல் தவிப்பவருக்கு வாய் திறக்க ஒரு வழி கிடைக்கும். ரொம்ப நேரம் கழித்து, “மாசி மாசம் தோணுச்சு பாப்பா. இப்ப இல்ல” என்றார். டாக்டரிடம் சொன்னேன், அடுத்த நாளே வரச் சொன்னார். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ, ஃபோன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையிலிருக்கும் அம்மா மண்டபம் போகலாமா என்று அவரே கேட்டார். கூட்டம் தாங்காது, வீட்டிலேயே தேங்காய் சாதமும் புளி சாதமும் கிளறினேன், உப்பு கம்மி என்றார். சாப்பிட்டுப் படுத்தவர், “பாப்பா, அந்த ஃபேன்ல பேரிங் போயிருக்கு” என்றார். ஸ்டூல் மேல் ஏற நான் விடவில்லை. நாளைக்கு எலக்ட்ரீஷியன் பையன் வருகிறான், கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து எப்படிக் கழற்றணும் என்று இவர் சொல்லப்போகிறாராம்.